மரக்கழிவிலிருந்து எரிகட்டி

புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரமும் சவுக்கும் வெட்டும் இடங்களில் அடிமரம் லாரியேறிப் போய்விடுகிறது. நுனிக்கொம்பு, பட்டை, சுள்ளி எல்லாம் நிலத்திலேயே தங்கிவிடுகின்றன. முந்திரித் தோப்பின் கவாத்துக் கழிவு, கண்மாய்க்குள் மண்டிய சீமைக் கருவேல், அறுவை மில்லின் மரத்தூள் ஆகியவையும் இவற்றுடன் சேரும். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னையும் பலாவும் சாய்ந்தபோது, விழுந்த மரங்களை அப்புறப்படுத்துவதே பெரும் வேலையாகிவிட்டது.

இக்கழிவுகளைத் தூளாக்கி இயந்திரத்தில் அழுத்தினால் எரிகட்டி கிடைக்கும். பசை எதுவும் வேண்டியதில்லை. அழுத்தத்திலும் உராய்வுச் சூட்டிலும் மரத்திலுள்ள லிக்னின் இளகி, ஆறியதும் தூளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. ஒரு கன மீட்டர் மரத்தூள் சுமார் 200 கிலோ நிற்கும். எரிகட்டியோ அதைவிடப் பல மடங்கு நிற்கும். வண்டி வாடகையில் மிச்சமாவது இதனால்தான். ஒரு கிலோவுக்குச் சுமார் 4000 கிலோ கலோரி வெப்பம் தரும். சாம்பலும் குறைவு. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகிவிடும் என்பதை நினைவிற்கொள்க.

ஈரமே இங்கு முக்கியம். தூளில் 10 சத அளவில் ஈரம் இருக்கவேண்டும். அதிகமானால் உள்ளே உண்டாகும் நீராவி கட்டியை வெடிக்கச் செய்யும். பாதி எடை நீராக உள்ள பச்சை மரம் ஒரு டன் காய்ந்தால் சுமார் 550 கிலோதான் தேறும். பச்சையாக விற்பவர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தே விலை பேசவேண்டும். மண்ணோடு கூட்டி அள்ளாதீர்கள். மணல் இயந்திரத்தின் அச்சைத் தேய்த்துவிடும். இலைதழையை நிலத்திலேயே விட்டுவிடுங்கள். அது மண்ணுக்குரிய உரம்.

இவ்வியந்திரத்திற்குப் பெரிய மோட்டாரும் ஆண்டு முழுவதும் கழிவும் தேவை. இரண்டு ஏக்கர்காரர் தனியே வாங்குவது வீண்செலவு. பலர் கூடி வாங்கலாம். அல்லது உலர்ந்த கழிவை ஆலைக்கு விற்கலாம்.

வீட்டளவில் செய்ய விரும்புவோர் கரிக்கட்டி செய்யலாம். கரிமூட்டத்தில் மிஞ்சும் கரித்தூள் 10 கிலோவுக்கு அரை கிலோ மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சிப் பிசைந்து, உருட்டி, நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் காயவைத்தால் போதும். ஆனால் கட்டி செய்வதற்கென்றே நல்ல விறகைக் கரியாக்கவேண்டாம். 100 கிலோ விறகில் 20 முதல் 25 கிலோ கரிதான் கிடைக்கும். வெப்பத்தில் பாதிக்கு மேல் மூட்டத்திலேயே போய்விடும்.

இருவகைக் கட்டிகளும் நனைந்தால் உதிர்ந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே பலகை மேல் அடுக்கி மூடிவையுங்கள். மூடிய அறையில் கரிக்கட்டியை எரிக்கக்கூடாது; அதன் நச்சுவாயுவுக்கு மணமில்லை, உயிரைப் பறித்துவிடும்.