கருப்பைக்குக் கரு அனுப்பும் செய்தி

"ஊசி போட்டும் மாடு சினை பிடிக்கவில்லை" என்னும் குறையை நாம் செல்லும் கிராமங்களிலெல்லாம் கேட்கிறோம். பழி கருவூட்டியவர் மீதோ மாட்டின் மீதோ விழுகிறது; நல்ல கறவைப் பசுக்களும் சந்தைக்கு ஓட்டப்படுகின்றன. இவற்றுட் பலவற்றில் கரு உண்டாகியும் தங்காமற் போயிருக்கக்கூடும். அதன் காரணத்தை விவசாயப் பெருமக்கள் அறிதல் நலம்.

பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்திற்கு வருகிறது. சினைப்பையில் முட்டை வெளிப்பட்ட இடத்தில் மஞ்சள் நிறத் திரள் ஒன்று வளர்கிறது. அதிலிருந்து சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன், கருவை ஏற்கக் கருப்பையைப் பக்குவப்படுத்துகிறது. கரு இல்லையெனில், 16, 17-ஆம் நாளையொட்டிக் கருப்பை புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரந்து அத்திரளைக் கரைத்துவிடுகிறது. பசு மீண்டும் பருவத்திற்கு வருகிறது.

கரு இருப்பின், அதனைக் கருவே அறிவித்தாக வேண்டும். சிறு உருண்டையாயிருந்த கரு இரண்டு வார அளவில் நூல் போல் நீண்டு, இன்டர்ஃபெரான் டௌ என்னும் புரதத்தைச் சுரக்கிறது. இதுவே அச்செய்தி. இது புராஸ்டாகிளாண்டினைத் தடுப்பதால் மஞ்சள் திரள் நிலைத்து நிற்கிறது. 20-ஆம் நாளையொட்டிக் கரு கருப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்குகிறது. ஆடுகளிலும் செய்தி இதுவே. செம்மறியாட்டுக் கருவின் இப்புரதம் இன்டர்ஃபெரான் வகையைச் சேர்ந்தது என 1987-இல் கண்டறியப்பட்டது.

வளர்ச்சி குன்றிய கரு உரிய நாளில் போதிய அளவு செய்தியை அனுப்ப இயலாது. கடும் வெப்பம், தீனிக் குறைவு, கருப்பை நோய் ஆகியவை கருவை நலியச் செய்கின்றன.

ஆகவே, காலையில் பருவ அறிகுறி கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாட் காலையும் கருவூட்டல் செய்க. அந்நாளைக் குறித்து வைத்துக்கொள்க. முதல் மூன்று வாரங்கள் நிழல், குடிநீர், பசுந்தீவனம், தாது உப்புக் கலவை ஆகியவற்றில் குறை வைத்தலாகாது. 18 முதல் 24 நாள் வரை பசுவைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பருவம் திரும்பாவிடினும், 60 நாட்களுக்குப் பின் கால்நடை மருத்துவரைக் கொண்டு சினையை உறுதி செய்துகொள்க. மும்முறை கருவூட்டியும் சினை தங்காத பசுவை விற்குமுன் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கோடைக்கு முன்னரே கால்நடைத் தண்ணீர்த் தொட்டிகளைச் செப்பனிட்டு, மேய்ச்சல் வழிகளில் நிழல் மரங்களைப் பேணுவார்களாயின், ஊரின் பசுக்கள் பலவும் காலத்தே கன்று ஈனும்.