சிறு தொழிலும் பணிப் பலகையும்

நம் ஊர்ப் பட்டறைகளில் நாள்தோறும் மிகுதியாக வழங்கும் தொடர் ஒன்று உண்டு. 'நாளைக்கு வாருங்கள்' என்பதே அது. தையற்கடையில் அதைக் கேட்கலாம். தச்சுப் பட்டறையில் கேட்கலாம். மோட்டார் பழுது பார்க்கும் என்னுடைய பட்டறையிலும் பல ஆண்டுகள் அதுவே வேதவாக்காக இருந்தது. அவ்வாறு சொல்லுகிறவர் பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணிச் சொல்லுவதில்லை. வேலை என்று முடியும் என்பது அவருக்கே தெரியாது. தெரியாததை மறைக்க அச்சொல் உதவுகிறது. சிறு தொழில் செய்கிறவன் அந்த உண்மையைத் தெரிந்துகொள்வது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதற்கு உதவும் கருவி ஒன்று இன்று கைப்பேசியிலும் கணினியிலும் கிடைக்கிறது. 'பணி மேலாண்மை மென்பொருள்' என்று அதனைக் குறிப்பிடுகிறார்கள். பெயரின் நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, பொருள் எளியதே.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். தருமபுரி 1965ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்து சென்றது. எல்லைகள் மாறினவேயன்றி மண்ணின் இயல்பு மாறவில்லை. காவிரி ஒகேனக்கல்லில் இறங்கி ஓடினாலும், பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களுக்கு அந்நீர் பாய்வதில்லை. கிணறும் ஆழ்துளைக் கிணறுமே அங்கு உழவனுக்குத் துணை. அடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கிய நீரைத் தேடி ஆழத்தில் மோட்டாரை இறக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மோட்டார் எரிந்துவிட்டால் நீர் இருந்தும் இல்லாததே. பூத்து நிற்கும் தக்காளிச் செடி கோடையில் சில நாள் நீரின்றி வாடினாலே பூவை உதிர்த்துவிடும். உதிர்ந்த பூவுக்குரிய காயைப் பின்னர் எந்த நீரும் தரமாட்டாது.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாதத்தில் நிகழ்ந்தது இது. பெரியவர் ஒருவர் எரிந்த மோட்டாரைச் சிறு வண்டியில் ஏற்றி வந்து இறக்கினார். நாளை மறுநாள் தருவதாகச் சொன்னேன். மறுநாளே மோட்டாரைப் பிரித்துப் பார்த்தோம். காயில் எரிந்திருந்தது மட்டுமன்றி, அடியில் பாரந்தாங்கும் பேரிங்கும் தேய்ந்திருந்தது. அதை மாற்றினால் செலவு கூடும். உரியவரைக் கேட்காமல் மாற்றுவது முறையன்று. 'மாலையில் தொலைபேசியில் கேட்டுவிடுகிறேன்' என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அன்று மாலை வேறு மூன்று மோட்டார்கள் வந்து இறங்கின. கேட்கவேண்டிய செய்தி என் நினைவிலிருந்து நழுவிவிட்டது. நான் கேட்டிருப்பேன் என்று மேஸ்திரி எண்ணினார். அவர் வேலையைத் தொடங்கியிருப்பார் என்று நான் எண்ணினேன். இடையில் பெரியவர் இருமுறை வந்தார். இருமுறையும் 'நாளைக்கு வாருங்கள்' என்றே சொன்னேன். ஐந்தாம் நாள்தான் பேரிங்கைப் பற்றி அவரைக் கேட்டேன். ஒன்பதாம் நாள் மோட்டாரைப் பெற்றுக்கொண்டார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "தம்பி, ஒன்பது நாளாகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் பக்கத்துத் தோட்டத்தில் நீர் கேட்டு வாங்கியிருப்பேன். நீ நாளை நாளை என்றதால் நான் யாரையும் கேட்கவில்லை" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அரை ஏக்கர் தக்காளி போயிற்று என்று பிறர் சொல்லிப் பின்னர் அறிந்தேன்.

மறதி என்பது சோம்பலின் குழந்தை என்று கருதுவோர் உண்டு. என் அனுபவம் அவ்வாறு இல்லை. ஓயாது உழைக்கிறவனுக்கே மறதி மிகுதி. 1956இல் ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் எழுதிய கட்டுரை ஒன்று புகழ் பெற்றது. ஒரே வேளையில் மனித மனம் கையில் வைத்திருக்கக்கூடிய செய்திகள் ஏழு அளவினவே, அதற்கு இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. பின்வந்தவர்கள் அந்த எண்ணை இன்னும் குறைத்திருக்கிறார்கள். பதினெட்டு மோட்டார்களும் அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று செய்திகளும் என் தலைக்குள் தங்க வேண்டும் என்று எதிர்பார்த்தது என் அறியாமை. 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் இருவர் நடத்திய ஆராய்ச்சி இதைவிட நமக்குப் பயன்படுவது. முடிக்காத வேலை மற்ற வேலையின் நடுவே குறுக்கிட்டு மனத்தை அலைக்கழிக்கிறது. அதனை எப்போது, எவ்வாறு செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலோ, வேலை முடியாதபோதும் அந்த அலைக்கழிப்பு பெரிதும் தணிகிறது என்று அவர்கள் கண்டார்கள். இரவில் படுத்தபின் 'அந்த மோட்டாருக்குக் கம்பி சொன்னோமா?' என்று எழுந்து உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இனி அந்தக் கருவிக்கு வருவோம். கைப்பேசித் திரையில் ஒரு பலகை இருப்பதாகக் கொள்ளுங்கள். அதில் மேலிருந்து கீழாகச் சில நிரல்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. வேலை நகர நகர அட்டையை ஒரு நிரலிலிருந்து அடுத்த நிரலுக்கு விரலால் தள்ளிவிட வேண்டும். அட்டைக்குள் யார் செய்வது, எந்நாளில் முடிப்பது என்று குறிக்கலாம், நிழற்படம் வைக்கலாம், குறித்த நாள் நெருங்கும்போது கைப்பேசி நினைவூட்டும். பட்டறையில் ஐவரிடம் கைப்பேசி இருந்தால் ஐவரும் ஒரே பலகையைக் காணலாம். 2011இல் வெளிவந்த ட்ரெல்லோ இவ்வகையில் பெரிதும் பரவியது. சென்னையில் தொடங்கித் தென்காசியை அடுத்த மத்தளம்பாறை வரையில் அலுவலகம் வைத்திருக்கும் நம் ஸோஹோ நிறுவனமும் இத்தகைய மென்பொருள்களைச் செய்து உலகெங்கும் விற்கிறது. எதைக் கொள்வது என்பது அவரவர் வசதி. எனக்கு அதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

பலகையும் அட்டையும் கணினிக்காரர்கள் கண்டுபிடித்தவை என்று எண்ணிவிட வேண்டாம். ஜப்பானில் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் 'கன்பன்' என்னும் முறையை வளர்த்தார். அச்சொல்லுக்கு அறிவிப்புப் பலகை என்பது பொருள். அமெரிக்காவின் பல்பொருள் அங்காடியில், வாங்குவோர் எடுத்த பொருளின் இடத்தை மட்டும் நிரப்பி வைக்கும் வழக்கத்திலிருந்து அந்தக் கருத்தைப் பெற்றதாக அவரே எழுதியிருக்கிறார். அடுத்த பகுதியிலிருந்து அட்டை வந்தாலன்றி முந்திய பகுதியார் பொருளைச் செய்யலாகாது என்பது அம்முறையின் உயிர்நாடி. அதாவது, அட்டை வேலையை நினைவூட்டுவதற்கு மட்டும் உரியதன்று. மிகுதியான வேலையைத் தடுப்பதற்கும் உரியது. மென்பொருளை வாங்குகிறவர்களிற் பலர் இந்த இரண்டாம் பகுதியை விட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் விட்டேன்.

ஆர்வக் கோளாற்றினால் பதினான்கு நிரல்கள் வைத்தேன். ஒவ்வோர் அட்டைக்கும் ஐந்து வண்ணக் குறிகள். கைப்பேசி மணிக்கு மூன்று முறை ஒலித்தது. பத்தே நாளில் யாரும் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் மேஸ்திரி முப்பது ஆண்டுகளாகக் காயில் கட்டுகிறவர். "அண்ணா, மோட்டாரைப் பார்ப்பதா, இதைப் பார்ப்பதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து நிரல்களாகக் குறைத்தோம். 'வந்தவை', 'பிரித்துப் பார்த்தவை', 'காத்திருப்பவை', 'கையில் இருப்பவை', 'கொடுக்க வேண்டியவை' என்பன அவை. இவற்றுள் 'காத்திருப்பவை' என்பதே எங்கள் கண்ணைத் திறந்த நிரலாகும்.

அதில் ஓர் அட்டையை வைக்க வேண்டுமானால், எதற்காகக் காத்திருக்கிறது, யார் கேட்க வேண்டும், எந்நாளுக்குள் என்னும் மூன்றையும் எழுதியாக வேண்டும் என்று விதி செய்தோம். முதல் வாரத்தில் அந்த நிரலில் பதினோரு அட்டைகள் நின்றன. நான்கு, உரியவரிடம் செலவுக்கு ஒப்புதல் கேட்காதவை. மூன்று, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய உதிரிப் பொருளுக்கானவை. அவற்றில் ஒன்றுக்கு நாங்கள் பொருளைச் சொல்லவே இல்லை! இரண்டுக்குக் கம்பி இல்லை. மற்ற இரண்டும் ஏன் காத்திருக்கின்றன என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஆள் போதவில்லை, ஆள் போதவில்லை என்று அதுவரையில் புலம்பிக்கொண்டிருந்தேன். நீர்மூழ்கி மோட்டாருக்குக் கம்பியை ஒவ்வொரு துளையின் வழியாகவும் கையால் இழுத்துக் கோக்க வேண்டும். அது விரைவுபடுத்த முடியாத வேலைதான். ஆனால் மோட்டார் பட்டறையில் கிடந்த நாட்களில் பெரும்பகுதி அந்த வேலையில் செல்லவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்ததில் சென்றது. நினைவை நம்பிய காலத்தில் இந்தக் காத்திருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை, பலகையில் தெரிந்தது.

'கையில் இருப்பவை' என்னும் நிரலில் நான்கு அட்டைகளுக்கு மேல் வைக்கலாகாது என்பது அடுத்த விதி. இதற்குத்தான் எதிர்ப்பு மிகுந்திருந்தது. வந்தவர் மனம் நோகாதிருக்க அவர் மோட்டாரையும் பிரித்துப் போட்டுவிடுவது எங்கள் தொழிலின் பழக்கம். பிரித்துப் போட்டால் அவர் வேறிடம் கொண்டுபோக மாட்டார் என்னும் தந்திரமும் அதில் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றைப் பாதியில் விட்டு மற்றொன்றைத் தொடும்போது திருகாணி ஒன்று தொலையும். சுற்றின் கணக்கு மறக்கும். மீண்டும் எண்ண வேண்டும்.

1961இல் ஜான் லிட்டில் என்னும் அறிஞர் நிறுவிய கணித விதி ஒன்று உண்டு. பெரும் தொழிற்சாலைக்கும் அஞ்சல் நிலையத்து வரிசைக்கும் என் பட்டறைக்கும் அது ஒன்றுபோலவே பொருந்தும். சீராக நடைபெறும் ஓர் இடத்தில், உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, நாள் ஒன்றுக்கு முடிந்து வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே தங்கும் சராசரி நாட்கள் கிடைக்கும். எங்கள் பட்டறையில் நாள் ஒன்றுக்கு இரண்டு மோட்டார்கள் முடிகின்றன. பதினெட்டு கிடந்தால் ஒன்பது நாள். அந்தப் பெரியவர் காத்திருந்த அதே ஒன்பது! அவர் வந்திறங்கிய அன்றே, பட்டறையில் கிடந்தவற்றை எண்ணி இரண்டால் வகுத்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். எண்ணுவதற்கு மென்பொருள் வேண்டியதில்லை என்று நீங்கள் கூறலாம். சரியே. ஆயினும் மூலையில் கிடப்பவை, சோதனைத் தொட்டியில் கிடப்பவை, வெளியே கடைசலுக்குச் சென்றிருப்பவை என எல்லாவற்றையும் ஒரே பார்வையில் எண்ண எனக்கு அந்தப் பலகை வேண்டியிருந்தது. விதியைக் கண்மூடி நம்பவும் கூடாது. ஊர் டிரான்ஸ்பார்மரில் மும்முனையில் ஒரு முனை அறுந்தால், எஞ்சிய முனைகளில் மின்னோட்டம் மிகுந்து, அந்த வழியில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் ஒருசேர எரியக்கூடும். அப்படி ஒரே நாளில் எட்டு மோட்டார் வந்திறங்கும் வாரத்தில் சராசரிக் கணக்குத் தவறும். அப்போது இரண்டு நாள் கூட்டிச் சொல்லுகிறேன்.

இக்கருவியின் குறைகளையும் மறைக்கலாகாது. விண்டர்லிஸ்ட் என்று ஒரு பணிப்பட்டியல் மென்பொருள் பெர்லின் நகரத்தில் தோன்றிப் பலராலும் விரும்பப்பட்டது. 2015இல் மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கியது. 2020 மே மாதத்தில் அது மூடப்பட்டது. பிறர் வீட்டில் வைத்த நம் கணக்குப் புத்தகம் போன்றதே இது. வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் நாம் என்ன செய்வோம்? ஆகையால் சனிக்கிழமைதோறும் பலகையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறோம். மோட்டாரின் கழுத்தில் எண் எழுதிய தகரத் துண்டைக் கம்பியால் கட்டும் பழைய வழக்கத்தையும் விடவில்லை. இணையம் இல்லாத நாளிலும் அந்தத் தகரம் பேசும்.

வேலை செய்கிறவர்களின் அச்சத்தையும் சொல்ல வேண்டும். யார் எத்தனை நாள் தாமதித்தார் என்பது பலகையில் பதிந்துவிடுகிறதே, கூலியைக் குறைக்க முதலாளி செய்த சூழ்ச்சியோ இது என்று இளைஞர் ஒருவர் ஐயுற்றார். அந்த ஐயம் தவறன்று. அவ்வாறு பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். அட்டையில் ஆளின் பெயர் இருக்கும், ஆனால் அதைக் கொண்டு கூலி கணக்கிடுவதில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். முதல் இரண்டு மாதங்களில் மிகுதியாகத் தாமதித்தவன் நான்தான் என்பதைப் பலகையே காட்டியது. அதன் பின்னர் ஐயம் ஓரளவு நீங்கிற்று. எழுதத் தயங்குகிற மேஸ்திரி நிழற்படம் எடுத்து வைக்கிறார். தமிழில் பேசினாலே எழுத்தாக்கிக் கொள்ளும் வசதியும் இப்போது கைப்பேசியில் இருப்பதால், 'பேரிங் கேட்கணும்' என்று பேசி விட்டுவிடுகிறார்.

சென்ற கோடையில் அந்தப் பெரியவர் மீண்டும் வந்தார். இம்முறை வேறொரு கிணற்றின் மோட்டார். வண்டியிலிருந்து இறக்குமுன் எத்தனை நாள் என்று கேட்டார். பலகையைப் பார்த்தேன். பதினான்கு அட்டைகள், ஏழு நாள். அதையே சொன்னேன். ஏழு நாள் தாங்காது என்று சிறிது நேரம் நின்று யோசித்தார். பிறகு, "காரிமங்கலத்தில் கேட்டுப் பார்க்கிறேன், தம்பி" என்று சொல்லி, இறக்காத மோட்டாருடன் வண்டியைத் திருப்பிக்கொண்டார். கையிலிருந்த வேலையை விட்டுவிட்டோமே என்று இளைஞருக்கு வருத்தம். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. கம்பியை இழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். காரிமங்கலத்தில் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார்களாம், நீர் பாய்கிறதாம். மழைக்காலத்தில் பழைய மோட்டாரைத் தூக்கிப் பேரிங்கைப் பார்க்க வேண்டும், அப்போது எத்தனை நாளாகும் என்று இப்போதே சொல்ல முடியுமா என்று கேட்டார். ஐப்பசியில் வேலை குறைவு, மூன்று நாள் போதும் என்றேன். அவர் பெயரில் ஓர் அட்டை எழுதி, ஐப்பசி முதல் நாளுக்கு நினைவூட்டல் வைத்தேன்.