தக்கையும் காற்றும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய கரையோர ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில் திராட்சை மதுவுக்கு இடமில்லை. மது விலக்கப்பட்டது என்பதில் அங்கு இரு கருத்தில்லை. ஆயினும், கலியாண வீட்டுச் சஹனில் சோற்றோடு பரிமாறப்படும் அச்சாற்றுக்குப் புளிப்பூட்டும் இயற்கை வினாகிரி, மதுவின் வழித்தோன்றலே. பெயரே அதற்குச் சான்று பகரும். போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த இச்சொல், ‘புளித்த மது’ என்னும் பொருளை உடையது. விலக்கப்பட்ட ஒன்று விரும்பத்தக்க உணவாக மாறுவது எவ்வாறு? அதற்கான விடையைத் தக்கையிட்ட போத்தலின் வாயிலிருந்தே தேடத் தொடங்கலாம்.

தக்கை என்பது போர்த்துக்கல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக்கு மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமலே, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பட்டையை உரித்தெடுப்பர். 1665இல் ரொபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் அதன் மெல்லிய சீவலொன்றை உருப்பெருக்கியில் வைத்து நோக்கியபோது, தேன்கூட்டின் அறைகளை ஒத்த நுண்ணிய அறைகளைக் கண்டார். உயிரியலார் இன்று ‘கலம்’ எனக் குறிப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், அன்று அவர் அந்த அறைகளுக்கு இட்ட பெயரே. அவ்வறைகளுள் நிறைந்திருப்பது வாயு. ஆதலால் தக்கை அமுக்கினால் சுருங்கும், விட்டால் விரியும். 24 மில்லிமீற்றர் அகலமான தக்கையைச் சுமார் 18 மில்லிமீற்றர் அகலமான போத்தற் கழுத்தினுள் நெருக்கி இறக்கினால், அது விரிய முயன்று கண்ணாடியை இறுகப் பற்றிக்கொள்கிறது.

இவ்வாறு இறுகிய தக்கையை விரலால் எடுக்க இயலாது. முறுக்குக் கம்பியொன்றை அதன் நடுவே செங்குத்தாகச் செலுத்தி, நேராக மேலே இழுத்தல் வேண்டும். ஓரமாகச் செலுத்தினால் தக்கை உதிர்ந்து துகள்கள் உள்ளே விழும். இங்கிலாந்தில் 1795இல் சாமுவேல் ஹென்ஷோல் என்னும் பாதிரியார் இத்தகைய கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தக்கை வெளியேறும் அதே கணத்தில் உள்ளே நுழைவது காற்று. அதனைத் தடுப்பதற்கே அத்தனை பாடும்.

காற்றுப்பட்ட மது நாளடைவில் புளிக்கும். அதன் காரணத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1864இல் விளக்கினார். புளிக்கும் மதுவின் மேற்பரப்பில் மெல்லிய ஆடை படர்கிறது. அது உயிருள்ள நுண்ணங்கிகளின் கூட்டம். அவை காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக மாற்றுகின்றன. காற்றின்றேல் இம்மாற்றமும் இல்லை.

இலங்கையில் இத்தொழில் திராட்சையை நம்பியிருக்கவில்லை, தென்னையையே நம்பியது. பாளையைச் சீவி எடுக்கும் இனிய சாறு, மதுவங்களின் செயலால் சில மணி நேரத்திலேயே நொதித்துக் கள்ளாகத் தொடங்குகிறது. அதனைக் காற்றுப்படும்படி வாரக்கணக்கில் விட்டால் மதுசாரம் குறைந்து அமிலம் பெருகுகிறது. தென்னை வினாகிரி பிறக்கும் வழி இதுவே.

இங்கு மார்க்க வினாவொன்று எழுகிறது. கள்ளாக இருந்தது உண்ணத் தகுமா? நபிகள் நாயகம் அவர்கள் வினாகிரியைச் சிறந்த தொடுகறியெனப் புகழ்ந்தார்கள். கீழ்க்கரை முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள், மது தானாகவே வினாகிரியாக மாறினால் அது தூய்மையானது என்கின்றன. வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றினாலும், விரைவில் புளிக்கட்டுமெனப் பாத்திரத்தின் வாயைத் திறந்து வைத்தாலும் தீர்ப்பு அதுவே என்பது வலுவான கருத்து. ஆனால், மதுவாயிருக்கும்போது வேறொரு பொருளை இட்டுப் புளிக்கச் செய்தால் அது தூய்மையாகாது. ஹனபி மத்ஹபோ அதற்கும் இடமளிக்கிறது. புதிய கள்ளில் பழைய வினாகிரியை ஊற்றி விரைவுபடுத்துவது பல உற்பத்தியாளரின் வழக்கம். ஆகவே, வினாகிரி எப்படிச் செய்யப்பட்டது என்று வினவுவது வீண் ஐயமன்று. தீர்ப்புக் கூறுவது உலமாக்களின் பொறுப்பு. செய்முறையை உள்ளபடி உரைப்பது உற்பத்தியாளரின் கடமை.

கடைகளில் செயற்கை வினாகிரியும் உண்டு. தொழிற்சாலையில் ஆக்கிய அசற்றிக் அமிலத்தில் நீர் கலந்து அதனைச் செய்கின்றனர். அதில் புளிப்பு உண்டு; தென்னையின் மணம் இல்லை. நிறத்தை மட்டும் கண்டு இரண்டையும் வேறுபடுத்த முடியாது. போத்தலின் சீட்டை வாசித்தே வாங்குதல் நன்று.

இறுதியாக ஒன்று. மதுசாரம் தீர்ந்தபின்னும் காற்று நுழைந்துகொண்டிருந்தால், அந்நுண்ணங்கிகளுட் சில தாம் ஆக்கிய அமிலத்தையே உண்ணத் தொடங்கும், புளிப்புக் குன்றும். எனவே நன்கு புளித்த வினாகிரியைப் போத்தலின் கழுத்தளவும் நிரப்பி இறுக மூடிவிடல் வேண்டும். இரும்பு மூடி அமிலத்தால் அரிக்கப்படும், தக்கையே ஏற்றது. மதுவை மதுவாக வைத்திருக்க இட்ட தக்கை, வினாகிரியை வினாகிரியாகக் காப்பதற்கும் வேண்டியிருக்கிறது. காற்றை எப்போது உள்ளே விடுவது, எப்போது தடுப்பது என்பதை அறிந்த கையே நல்ல அச்சாற்றை ஆக்கும்.