குற்றவாளியிடம் நீதிமன்றச் செலவை வசூலிக்கலாமா?

நான்கு சாக்லேட்டுகள். விலை 75 பென்ஸ். 2015-இல் இங்கிலாந்தின் கிட்டர்மின்ஸ்டர் நகரில் அவற்றைத் திருடிய பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்த தொகைகளைக் கூட்டிப் பார்த்தேன். அபராதம் 73 பவுண்டு. அரசுத் தரப்பின் வழக்குச் செலவு 85. பாதிக்கப்பட்டோர் நலனுக்கான கூடுதல் தொகை 20. கடைக்கு இழப்பீடு 75 பென்ஸ். இவற்றுக்கு மேல் 'குற்றவியல் நீதிமன்றக் கட்டணம்' 150. ஆக மொத்தம் 328 பவுண்டு 75 பென்ஸ். பட்டினி தாங்காமல் எடுத்ததாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது.

இந்தப் பட்டியலின் கடைசி இனம் அப்போது புதிது. குற்றவாளிகளுக்காக மக்களின் வரிப்பணம் ஏன் செலவாக வேண்டும் என்ற கேள்வியை முன்வைத்து, அன்றைய நீதித் துறை அமைச்சர் கிறிஸ் கிரேலிங் கொண்டுவந்த கட்டணம் அது. 2015 ஏப்ரல் 13 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வழக்குச் செலவில் ஒரு பகுதியைக் குற்றவாளி ஏற்பது அங்கே நெடுங்காலமாக உள்ள வழக்கம்தான். ஆனால், அதை விதிக்கும்போது அவருடைய வருமானத்தை நீதிமன்றம் கணக்கில் கொள்ளும். புதிய கட்டணத்தில் அதற்கு இடமில்லை. கோடீஸ்வரருக்கும் வீடற்றவருக்கும் ஒரே தொகை. குறைக்கும் அதிகாரம் நீதிபதிக்குக் கிடையாது.

என்னை அதிகம் உறுத்துவது கட்டண விகிதம். சிறு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் 150 பவுண்டு. மறுத்து, விசாரணையில் தோற்றால் 520. சற்றுக் கடுமையான வழக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னிலையிலேயே முடிந்தால் 180 அல்லது 1,000. கிரவுன் நீதிமன்றத்தில் 900 அல்லது 1,200.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஒருவர், தான் செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 'செய்தேன்' என்றால் 180 பவுண்டோடு கட்டணம் முடிந்தது. 'செய்யவில்லை' என்று வாதாடித் தோற்றால் 1,000. சாட்சி எப்படிப் பேசுவார், தீர்ப்பு எப்படி அமையும் என்பது யாருக்கும் தெரியாது. அன்றாடக் கூலியில் வாழ்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனையைக் குறைக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அது நீதிபதி எடைபோட்டுத் தரும் சலுகை. இதுவோ விசாரணை கேட்பதற்கே வைக்கப்பட்ட விலை. மாக்னா கார்ட்டாவின் 800-ஆவது ஆண்டை அதே நாடு, அதே ஆண்டில்தான் கொண்டாடிக்கொண்டிருந்தது!

முதலில் பொறுமை இழந்தவர்கள் மாஜிஸ்ட்ரேட்டுகள். அங்கே அவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காமல் பணியாற்றும் குடிமக்கள். லெஸ்டரில் ஒருவர், அடைக்கலம் கோரி வந்தவரின் கட்டணத்துக்குத் தம் கைப்பணத்தைத் தர முன்வந்தார். சட்டப்படி வேலை பார்க்கவே அனுமதியில்லாத மனிதர் அந்தக் கட்டணத்தை எப்படிச் செலுத்துவார்? மாஜிஸ்ட்ரேட் இடைநீக்கம் செய்யப்பட்டார். பின்னர் பதவி விலகினார். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு விலகியதாகச் செய்திகள் வந்தன.

கட்டணத்தைத் தொட முடியாத நீதிமன்றங்கள், தங்களால் குறைக்க முடிந்தவற்றைக் குறைக்கத் தொடங்கின. பாதிக்கப்பட்டவருக்குரிய இழப்பீடும் அவற்றுள் அடக்கம். குற்றவாளியைக் கறாராக நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு வந்த திட்டம், பொருளைப் பறிகொடுத்தவரின் பங்கில் கைவைத்தது.

நாடாளுமன்றத்தின் நீதித் துறைக் குழு நவம்பரில் இதைக் கைவிடச் சொன்னது. கிரேலிங்குக்குப் பின் வந்த மைக்கேல் கோவ், அதே கட்சிக்காரர், டிசம்பர் 3-இல் ரத்து முடிவை அறிவித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அது நடைமுறைக்கு வந்தது. கட்டணத்தின் ஆயுள் எட்டரை மாதங்கள். வழக்குச் செலவும் கூடுதல் தொகையும் இன்றும் வசூலாகின்றன. கட்ட வழியில்லாதவரிடம் வழக்குச் செலவைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு.