நெட்வொர்க் செக்யூரிட்டி வேலைக்கு எந்த டிகிரி? லட்சக்கணக்கில் செலவு செய்யணுமா?

பசியாவரம் போன்ற பழவேற்காடு ஏரிக் கிராமத்துப் பிள்ளைகள், 'சைபர் செக்யூரிட்டி' என்ற பெயருக்காகவே கடன் வாங்கிப் படிக்க வேண்டியதில்லை.

ஏன்?
முதலில் தெரிய வேண்டியது ஐபி முகவரி, ரூட்டர், ஃபயர்வால், லினக்ஸ். பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ. படிப்புகளிலேயே இதற்கான அடிப்படை கிடைக்கும்.

எங்கே படிக்கலாம்?
பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கு. அரசு கலைக் கல்லூரி இளநிலைப் படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம் போன்ற சிறு தொகைதான். பிளஸ் 2-வில் கணிதம் தேவையான்னு பார்த்துட்டு விண்ணப்பிங்க.

பி.இ. தான் வேணுமா?
6 முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% உள்ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே கட்டும்.

மாதச் செலவுக்கு?
அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் 'புதுமைப் பெண்', மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் ரூ.1,000.

டிகிரி மட்டும் போதுமா?
போதாது. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் அறிமுகப் பாடங்கள், என்.பி.டி.இ.எல். வீடியோக்களை இலவசமாகவே படிக்கலாம்.

தனியார் கல்லூரியில் பணம் கட்டும் முன் ஒன்று மட்டும் கேளுங்க: "நெட்வொர்க் லேப் எங்கே? காட்டுங்க!"