உங்களுக்குத் தெரியுமா? மணிக்கட்டுச் சுரங்கத்தில் பத்துப் பேர்!

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021-ல். மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பர் 26-ல்தான். இரண்டு வயது நிரம்புமுன் இந்தப் பெருமை!

அந்தச் சிற்பியின் கைகளைப் பாருங்கள். ஒரு கை உளியை இறுக்கிப் பிடிக்கும். மறுகை கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே இருக்கும். இறுக்கம், ஓயாத தட்டு, அதிர்வு. மணிக்கட்டுக்கு ஆகாத மூன்றும் ஒரே பட்டறையில்!

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் கைக்கும், கல்வராயன் மலையில் சாமை குத்தும் கைக்கும் அதே சோதனைதான்!

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான சுரங்கம். விரல்களை மடக்கும் தசைநாண்கள் 9, நரம்பு 1. மொத்தம் 10 பேர் அதற்குள்!

தசைநாண்களின் உறை தடித்தால் நசுங்குவது யார்? பாவம், நரம்பு! அதுதான் கார்ப்பல் டனல். வேடிக்கை என்னவென்றால், அந்த உறையை எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் அழற்சியே இருக்காது. வெறும் தடிப்பு!

நல்ல கையில் சுரங்கத்தின் அழுத்தம் சுமார் 2.5 மி.மீ. பாதரசம். நோய்வாய்ப்பட்ட கையில் சராசரி 32. அந்தக் கையை மடக்கினால் 94! அளந்தே பார்த்துவிட்டார்கள், 1981-ல்!

நடு ராத்திரியில் கை மரத்துப்போய், எழுந்து உதறுகிறீர்களா? டாக்டர்கள் தேடும் முக்கிய அடையாளமே அந்த உதறல்தான்! ஆனால் சுண்டுவிரல் மரக்காது. அதற்கு வேறு நரம்பு!

கட்டைவிரல் பக்கம் மட்டும் வலியா? அது டி குவெர்வெய்ன். அங்கே மாட்டிக்கொள்வது 2 தசைநாண்கள். 1895-லேயே எழுதிவைத்தார் சுவிட்சர்லாந்து டாக்டர். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கியே வாங்கிக்கொள்ளும் அம்மாக்கள் ஏராளம்!

விரல் மடங்கி, 'டக்'கென்று சொடுக்கி நிமிர்கிறதா? அது ட்ரிகர் ஃபிங்கர். கார்ப்பல் டனலோடு ஜோடியாக வருவதில் கில்லாடி. சிலருக்குச் சுரங்கத்தைத் திறந்து ஆபரேஷன் செய்த பிறகும் புதிதாக முளைக்கும்!

இப்போது கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டு, மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். நடுவில் ஒரு நாண் புடைக்கிறதா? இல்லையா? கவலை வேண்டாம், 100 பேரில் சுமார் 15 பேருக்கு அது கிடையாது. பிடிமானத்தில் குறையும் இல்லை!

இருப்பவர்களுக்கோ அது உபரி நாண்! கார்ப்பல் டனல் முற்றிக் கட்டைவிரல் தசை வற்றிப்போனால், அதையே இழுத்துக் கட்டைவிரலுக்குக் கட்டிவிடுகிறார்கள். 1929 முதல்!