நெஞ்சுவலி: வீட்டிலேயே கழியும் ஆறு மணி நேரம்

மாரடைப்பாலோ அதை ஒட்டிய நிலையாலோ இந்தியாவின் 50 நகரங்களைச் சேர்ந்த 89 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றித் தகவல் திரட்டிய ஆய்வொன்று, 2008ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. வலி தொடங்கிய நேரத்துக்கும் நோயாளி மருத்துவமனைக்குள் நுழைந்த நேரத்துக்கும் இடையில் கழிந்த காலத்தின் நடுமதிப்பு 360 நிமிடம் என்று அது கண்டது. அதாவது, பாதிப் பேர் வந்து சேர ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. உள்ளே வந்தபின் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தொடங்க ஆன நேரமோ 50 நிமிடம்தான். தொலைவும் வண்டி வசதியின்மையும் பணமும் இந்தத் தாமதத்தில் பங்கு கொள்கின்றன என்பது உண்மையே. ஆயினும் ‘வாய்வுதான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்’ என்று வீட்டார் கூடிச் செய்யும் தீர்ப்பில் கரைந்துபோகும் நேரம் எவ்வளவு என்பதை அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எவரும் அறிவர்.

அந்த நேரத்தில் இதயத்துக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் தாமதத்தின் விலை விளங்கும். உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இதயம், தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தன் மேற்பரப்பில் ஓடும் கொரோனரித் தமனிகள் என்னும் மெல்லிய குழாய்கள் வழியாகவே பெறுகிறது. அக்குழாய்களின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்க, அந்தப் புண்ணின்மேல் இரத்தம் உறைந்து கட்டியாகி வழியை முழுவதும் அடைத்துவிடுவதே பெரும்பாலான மாரடைப்புகளின் தொடக்கம். அடைப்பு நேர்ந்து ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் இதயத் தசை மடியத் தொடங்கி, உள்புறத்திலிருந்து வெளிப்புறமாகப் பரவி, ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை, தழும்பாக மாறிவிடுகிறது. இதைவிட உடனடியான ஆபத்து ஒன்றும் உண்டு. இரத்தம் கிடைக்காத தசையில் மின்துடிப்பு சீர்குலைந்து, இதயம் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும் நிலை முதல் சில மணி நேரத்தில், அதிலும் முதல் மணி நேரத்தில், மிகுதியாக ஏற்படுகிறது. மின்னதிர்ச்சி கொடுத்தே அதை நிறுத்த முடியும் என்பதால், அந்தக் கருவி இருக்கும் இடத்தை நோயாளி விரைவில் அடைவது உயிரையே தீர்மானிக்கிறது.

இவ்வளவு பெரிய சேதம் நிகழும்போது தாங்கமுடியாத வலி இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. இதயத்திலிருந்து வலியுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் பகுதியிலேயே மேல்மார்பு, கையின் உட்புறம் ஆகியவற்றின் தோலிலிருந்து வரும் நரம்புகளும் நுழைகின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளையால் திட்டமாகப் பிரித்தறிய முடிவதில்லை. ஆகவேதான் இதயத்தின் வலி இடக்கையிலும், சில வேளை இரு கைகளிலும், தாடையிலும், தொண்டையிலும், தோள்பட்டைகளுக்கு நடுவிலும், மேல்வயிற்றிலும்கூட உணரப்படுகிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரல் நுனியால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டாமல், மூடிய முட்டியையோ விரித்த உள்ளங்கையையோ மார்பின் நடுவில் வைத்துக் காட்டுவோர் பலர்; அமெரிக்க இதயநோய் மருத்துவர் சாமுவேல் லெவினின் பெயரால் இச்சைகை மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. ‘வலின்னு சொல்ல முடியாது டாக்டர், நெஞ்சை என்னவோ அமுக்குற மாதிரி இருக்கு’ என்னும் பேச்சு மருத்துவர்களுக்குப் பழக்கமானது. வலியா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் அவரே, அழுத்தமா, இறுக்கமா, பாரமா, எரிச்சலா என்று கேட்டால் ஆம் என்பார்.

வாய்வு என்ற தீர்ப்புக்கு இதயத்தின் அமைப்பே ஓரளவு இடங்கொடுக்கிறது. இதயத்தின் கீழ்ச்சுவர், வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானத்தின்மேல் படுத்திருப்பதால், அப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவும் குமட்டலாகவும் வாந்தியாகவும் வெளிப்படக்கூடும், ஏப்பமும் வரலாம். சோடா, ஓமத்தண்ணீர், பெருங்காயம் கலந்த மோர், கேஸ் மாத்திரை என்று ஒன்றன்பின் ஒன்றாக முயலும்போது ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் காத்திருக்க நேர்கிறது. இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது: மாத்திரை போட்டதும் வலி குறைந்தால் அது வயிற்றுக்கோளாறுதான் என்று முடிவு செய்ய முடியாது. மாரடைப்பு வலியே சில வேளை ஏறி இறங்கும் இயல்புடையது. அதேபோல, இதயநோய்க்காக நாவின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உணவுக்குழாயின் இசிவையும் தணிக்கும் என்பதால், அதனால் வலி அடங்கியது இதயநோய்க்குச் சான்றாகாது. மருந்துக்கு வலி கட்டுப்பட்டதா என்பதை வைத்து நோயைத் தீர்மானிக்கும் பழக்கம் படித்தவர்களிடமும் ஊறிப்போயிருப்பது வருந்தத்தக்கது.

எச்சரிக்கை முன்னதாகவே கிடைக்கும் நோயாளிகளும் உண்டு. நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போதும் உணவுண்ட பின்னரும், மார்பை நெரிப்பதுபோல் எழுந்து, நின்றதும் மறைந்துவிடும் வலியை லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இல் விளக்கிக் காட்டினார். தமனி சுருங்கியிருப்பதால், தசையின் தேவை உயரும்போது மட்டும் இரத்தம் போதாமற்போவதே இதன் காரணம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. இதே அளவு நடந்தால் வரும், ஐந்து நிமிடம் நின்றால் போகும் என்று ஒழுங்காக இருக்கும்வரை இதற்கு மருத்துவரை ஓரிரு நாளில் பார்த்தால் போதும். இதே வலி புதிதாகத் தொடங்கியிருந்தாலோ, முன்னைவிடக் குறைந்த உழைப்பிலேயே வந்தாலோ, ஓய்வாக இருக்கும்போது எழுந்தாலோ தமனியில் ஏதோ மாறிவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மார்பில் எழும் வலிக்கெல்லாம் இதயமே காரணமாவதில்லை. விலா எலும்பும் மார்பெலும்பும் சேரும் குருத்தெலும்பில் ஏற்படும் அழற்சி, அவ்விடத்தை அழுத்தினால் வலிக்கும். அக்கி, கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாள் முன்பே ஒருபக்கமாகப் பட்டைபோல எரியும். எதுக்களிப்பு, குனிந்தாலோ படுத்தாலோ மிகும். இதயத்தைச் சூழ்ந்த உறையின் அழற்சி படுத்தால் கூடி, முன்சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். இவற்றைப் பொறுமையாக ஆராயலாம். பொறுக்க முடியாதவை இரண்டு உள. முதுகைக் கிழித்துக்கொண்டு போவதுபோல் தொடக்கத்திலேயே உச்சத்தில் எழும் வலி, பெருந்தமனியின் சுவர் பிளந்ததைக் குறிக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ நீண்ட படுக்கைக்கோ பின்னர், ஒரு காலில் வீக்கமும் திடீர் மூச்சுத்திணறலும் மார்புக் குத்தலும் சேர்ந்து வந்தால், காலில் உறைந்த கட்டி நுரையீரல் தமனியில் போய் அடைத்திருக்கலாம்.

நீரிழிவு உள்ளோர், முதியோர், பெண்கள் ஆகியோருக்கு மார்பு வலியே இல்லாமல், காரணமற்ற மூச்சிரைப்பு, குப்பென்ற வியர்வை, திடீர்ச் சோர்வு, குமட்டல் என்ற வடிவில் மாரடைப்பு வரக்கூடும். நீரிழிவு நரம்புகளைப் பழுதாக்கி வலியுணர்வை மழுங்கச் செய்வதால், தமிழ்நாட்டைப் போல அந்நோய் பரவலாக உள்ள இடத்தில் இது அலட்சியப்படுத்தக்கூடிய விதிவிலக்கன்று. வயது குறைவு என்ற ஆறுதலும் இங்கே எடுபடாது: 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இண்டர்ஹார்ட்’ ஆய்வில், முதல் மாரடைப்பு நேர்ந்த வயதின் நடுமதிப்பு தெற்காசியர்களுக்கு 53ஆக இருந்தது, இது பிற நாட்டினருக்கு இருந்ததைவிடச் சில ஆண்டுகள் குறைவு.

ஆகவே, வீட்டில் இருப்போர் நோயின் பெயரைக் கண்டுபிடிக்க முயல வேண்டியதில்லை. மார்பில் அழுத்தமோ இறுக்கமோ ஓய்வெடுத்தும் பத்து நிமிடத்தில் அடங்காவிட்டாலும், வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று உடன்வந்தால் அவ்வளவு நேரமும் காத்திராமலும், 108ஐ அழைக்க வேண்டும். நோயாளியை நடக்கவோ மாடிப்படி இறங்கவோ விடாமல் உட்கார வைப்பதும், தாமே வண்டி ஓட்டிச் செல்ல அனுமதியாமல் இருப்பதும் அவசியம். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தப்போக்கோ இல்லாதவர்களும், முதுகைக் கிழிக்கும் வகை வலி இல்லாதவர்களும் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். மென்றால் விரைவில் இரத்தத்தில் கலக்கும். வேகமாக இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பிலிருந்து தப்பலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு எந்த அடிப்படையும் இல்லை. அடுத்த வீட்டுக்காரரின் நைட்ரேட் மாத்திரையை வாங்கி நாவின் அடியில் வைப்பதும் தவறு. இதயத்தின் வலப்பகுதி தாக்கப்பட்டிருந்தால் அது இரத்த அழுத்தத்தை அபாயகரமாகக் குறைத்துவிடும்.

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் அட்டோர்வாஸ்டாட்டினும் அடங்கிய 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் தவணையாகத் தரப்பட்டு, நோயாளி உயர் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார். நெஞ்சுவலி கண்ட கிராமத்தவர் பெரிய நகரத்துக்கே முதலில் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இதனால் தளர்ந்திருக்கிறது. மருத்துவமனையில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கப்பட வேண்டும் என்பது நெறி. முதல் ஈசிஜி இயல்பாக இருந்தாலும் மாரடைப்பு இல்லையென்று அது உறுதி செய்யாது. தசை சிதைந்தால் இரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்னும் புரதம் அளவில் உயரச் சில மணி நேரம் ஆகும் என்பதால், ஈசிஜியையும் இரத்தப் பரிசோதனையையும் மீண்டும் செய்யச் சொல்வதைப் பணம் பறிக்கும் வேலை என்று கருதி எழுந்து வந்துவிடுவது பெரும் பிழையாக முடியக்கூடும். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியவை வலி தொடங்கிய மணியும், ஏற்கெனவே உட்கொண்ட மாத்திரைகளின் பெயருமே. ஆண்மைக் குறைவுக்காகச் சில்டெனாபில் வகை மாத்திரையை முந்தைய ஓரிரு நாளில் சாப்பிட்டிருந்தால் அதையும் கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டும். அதனுடன் நைட்ரேட் சேர்ந்தால் இரத்த அழுத்தம் மளமளவெனச் சரிந்துவிடும் என்பதால், அதை அறிந்த மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.